நத்தை ஓட்டில் போட்ட ஒட்டு

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மீன் தொட்டியைக் கழுவுவதற்காக மேல்மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, வாளி எடுக்கப் பின்பக்கம் போனேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தால் எங்கள் நத்தை டைல்ஸ் தரையில் கிடக்கிறது. கண்ணாடி விளிம்பு வரை ஏறி, அந்தப் பக்கம் விழுந்திருக்கிறது.

அது தங்கநிற மிஸ்டரி ஸ்நெயில். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகன் அதற்கு வைத்த பெயரும் தங்கம்தான். கையில் எடுத்துப் பார்த்தேன். ஓட்டின் வாய்க்குச் சற்று மேலே துவரம்பருப்பு அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அந்தத் துளை வழியாகச் சாம்பல் நிறத் தோல் ஈரமாக மின்னியது. அதிலிருந்து முடி கனத்தில் ஒரு விரிசல் பின்னால் ஓடியது. அதன் ஓட்டு வாயை அடைத்திருக்கும் மூடியை விரலால் மெல்லத் தொட்டேன். இன்னும் இறுக்கமாக உள்ளே இழுத்துக்கொண்டது. உயிர் இருக்கிறது என்று அப்போதுதான் மூச்சு வந்தது.

மீன் வாங்கும் கடைக்கு போன் செய்தேன். தொட்டியில் ஊற்றச் சொல்லி ஒரு நீல மருந்தின் பெயரைச் சொன்னார்கள். வாங்கி வந்து லேபிளைப் படித்தால் காப்பர் சல்பேட், அதாவது மயில்துத்தம். மீன் நோய்க்கு அது சரி. ஆனால் நத்தைகளைக் கொல்வதற்கென்றே பயன்படுத்துகிற பொருளும் அதுதான். படிக்காமல் ஊற்றியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நத்தை வைத்திருப்பவர்கள் எந்த மருந்தையும் லேபிள் படிக்காமல் ஊற்றிவிடாதீர்கள்.

வீட்டில் அத்தை வெற்றிலை போடுகிறவர். “நத்தை ஓட்டைச் சுட்டுத்தானே சுண்ணாம்பு எடுக்கிறாங்க? ஒரு விரல் எடுத்துத் தடவி விட்டா, மூடிக்கும்” என்றார். அத்தை சொன்னதில் பாதி சரிதான். ஓடு கால்சியம் கார்பனேட். அதைச் சுட்டு நீர் ஊற்றினால் சுண்ணாம்பு. ஆனால் சுட்டபின் அது தோலை அரிக்கிற காரம். வெற்றிலையில் கொஞ்சம் கூடினாலே நாக்கு வெந்துபோகிறது. திறந்து கிடக்கிற தோலில் பட்டால் என்ன ஆகும்? “வேண்டாம் அத்தே, எரியும்” என்றதும் அவரும் விட்டுவிட்டார்.

முதலில் தங்கத்தைத் தனியாக வைத்தேன். கப்பி மீன்கள் திறந்த சதையைக் கொத்தும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தொட்டித் தண்ணீரையே நான்கு விரல் உயரத்துக்கு ஊற்றினேன். இந்த நத்தை செவுளாலும் சுவாசிக்கும், நுரையீரலாலும் சுவாசிக்கும். குழல் போல ஒன்றை நீட்டி மேலே காற்று இழுக்கும். அடிபட்டது ஏறிவர முடியாமல் போகலாம் என்பதால்தான் ஆழம் குறைவு.

அப்புறம் ஒட்டு. ஒரு பச்சை முட்டையை உடைத்து, ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வை உரித்தேன். ஈரமாக இருக்கும்போதே உரித்தால் முழுசாக வரும். துளையைவிடச் சுற்றிலும் ஒரு நெல் அகலம் கூடுதலாக வெட்டிக்கொண்டேன். கிண்ணத்தில் ஈரத்துணி விரித்து, வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி நத்தையை வைத்து, துளையைச் சுற்றி ஓட்டை மட்டும் காதுப் பஞ்சால் துடைத்தேன். தோலோடு ஒட்டியிருந்த ஒரு சின்னச் சில்லை எடுக்கவில்லை. அதைப் பிடுங்கினால் தோலும் சேர்ந்து கிழியும்.

பெவிக்விக் நீர்த்தது, நேராகப் பிழிந்தால் உள்ளே ஓடிவிடும். ஜெல் வகை கிடைத்தால் நல்லது. எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் பல் குத்தும் குச்சி முனையில் தொட்டு, சவ்வின் ஓரத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக வைத்தேன். மகன் டார்ச் பிடித்தான், அவன் கை என் கையைவிட நிதானமாக இருந்தது. பத்து நிமிடம் காயவிட்டு டப்பாவில் இறக்கினோம். இந்தப் பசை ஈரத்தில்தான் இறுகும், இறுகியபின் தண்ணீரில் கரையாது.

அன்று முழுக்க அது அசையவில்லை. மறுநாள் மாலை, பள்ளி விட்டு வந்த மகன் “அம்மா, இங்க வாங்களேன்!” என்று கத்தினான். மூடி திறந்து, அந்தக் குழல் தும்பிக்கை மாதிரி நீண்டு மேலே காற்றைத் தேடிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் முதலுதவிதான். இவ்வளவு சின்ன விழுகைக்கு ஓடு ஏன் உடைந்தது என்பதுதான் என்னை உறுத்தியது. சுருளின் நுனியில் பல மாதமாக வெள்ளைக் குழிகள் இருந்தன. வயதாகிறது என்று நினைத்திருந்தேன். தண்ணீரைச் சோதித்தால் பிஎச் 6.2. அமிலத் தண்ணீர். அதில் ஓடு மெல்ல மெல்லக் கரையும்.

காரணம் நான்தான். எங்கள் வீடு மதுரையில் திருநகர் பக்கம். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, குழாய் வாயெல்லாம் வெள்ளையாகப் படியும். மீனுக்கு இது வேண்டாம் என்று ஆர்.ஓ. கேன் தண்ணீரையே ஊற்றி வந்தேன். ஆர்.ஓ. கால்சியத்தையும் கார்பனேட்டையும் சேர்த்தே வடித்துவிடுகிறது. தண்ணீர் அமிலமாகிவிடாமல் தாங்கிப் பிடிப்பது அந்தக் கார்பனேட்தான். குழாயில் படிகிறதே என்று மாதாமாதம் சுரண்டிப் போட்டேனே, அதைத்தான் நத்தை தேடியிருக்கிறது.

தினமும் தொட்டியில் கொஞ்சம் எடுத்துவிட்டு அந்த அளவுக்குப் போர் தண்ணீர் ஊற்றினேன். பத்து நாளில் பாதிக்குப் பாதி ஆனது, பிஎச் 7.6. ஒரே நாளில் மாற்றினால் மீனும் தாங்காது, நத்தையும் தாங்காது. ஒன்று கவனிக்க வேண்டும். ‘உப்புத் தண்ணி’ என்று நாம் சொல்வது இரண்டு வகை. எங்களுடையது சுண்ணாம்புக் கடினம். குடித்தால் நாக்கில் கரிக்கிற தண்ணீர் என்றால் இது உதவாது. கார்ப்பரேஷன் தண்ணீர் பிடிப்பவர்கள் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றலாம்.

கீழமாசி வீதிக்குப் போன நாளில் நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை வாங்கினேன். கணவாயின் உள்ளோடு அது. கூண்டில் லவ் பேர்ட்ஸ் கொத்த வைப்பார்களே, அதேதான். மிதக்கும் என்பதால் கல்லோடு கட்டிப் போட்டேன். இரண்டு நாளில் அதன் மேல் தங்கம் அரைத்த தடம் தெரிந்தது.

சாப்பாட்டிலும் கால்சியம் வேண்டும். முட்டை ஓட்டை வேகவைத்துக் காயவைத்து மிக்ஸியில் மாவாக்கி, வெந்த முருங்கைக்கீரை விழுதோடு கலந்து, ஜிகர்தண்டாவுக்குப் போடும் கடல்பாசியைக் காய்ச்சி ஊற்றி உறைய வைத்தேன். உப்பு, சர்க்கரை எதுவும் கிடையாது. சுண்டைக்காய் அளவு ஒரு துண்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். மிச்சத்தை மூன்று மணி நேரத்தில் எடுத்துவிடுவேன். டப்பாத் தண்ணீரில் பாதியைத் தினமும் மாற்றினேன். இதில் சோம்பினால் அம்மோனியா ஏறிவிடும்.

24ஆம் நாள் ஒட்டு தானாகக் கழன்று தண்ணீரில் மிதந்தது. பதறிப்போய் எடுத்துப் பார்த்தேன். துளை இருந்த இடத்தில் நகத்தின் பிறை போல வெளுத்த ஒரு தகடு. உள்ளே இருக்கும் மேன்டில் என்ற தோல் அடியிலிருந்தே பூசி மூடியிருக்கிறது. மகன் விரலால் தடவி, “சொரசொரன்னு இருக்கும்மா” என்றான். வாய் விளிம்பிலும் புதிய ஓடு ஒரு கோடு அகலத்துக்கு, பழையதைவிட வெளிர் மஞ்சளாக வளர்ந்திருந்தது. நுனியில் இருக்கும் குழிகள் மட்டும் அப்படியேதான் இருக்கும். அந்த இடத்தில் வெளிப்பக்கம் திரும்ப வளராது.

இப்போது தங்கம் பெரிய தொட்டியில். மூடிக்கும் கண்ணாடிக்கும் இடையிலிருந்த இடுக்கை ஸ்பாஞ்ச் வைத்து அடைத்துவிட்டேன். தண்ணீருக்கு மேலே நான்கு விரல் இடம் மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். இந்த நத்தைகள் முட்டையிட நீர்மட்டத்துக்கு மேலேதான் ஏறும். அன்றைக்கும் அதற்காகத்தான் ஏறியதோ என்னவோ.