கணுக்கால் மூட்டு மாற்றியவர்கள் எண்ணெய்க் குப்பியைத் தொடும் முன்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் முட்டு (முழங்கால்) மாற்று ஆபரேஷனைப் பற்றித் தெரியாத வீடு குறைவு. கணுக்கால் மாற்று அவ்வளவு பழக்கமில்லை. அதனால் முட்டுக்குச் சொல்வதையே இதற்கும் சொல்லிவிடுகிறார்கள்: மறுநாளே நட, தையல் காய்ந்ததும் உழிச்சல் (எண்ணெய் தடவி நீவுவது) பண்ணு. இரண்டுமே இங்கே ஆகாது. டாக்டர் சொல்லும்வரை, பலருக்கு சில வாரங்கள், அந்தக் காலை ஊன்றவே கூடாது.

கணுக்காலின் முன்பக்கம் சதையே கிடையாது. தோல், அதன்கீழ் நரம்பும் தசைநாணும், அடுத்தது புது மூட்டின் உலோகம். கீறுவதும் பெரும்பாலும் அங்கேதான். தையல் ஓரம் கறுத்தாலோ பிரிந்தாலோ கிருமி நேராக மூட்டுக்குள் இறங்கிவிடலாம். சர்க்கரை, பீடி, முடக்குவாதத்துக்கான சில மாத்திரைகள் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். காலைத் தொங்கப்போட்டால் வீங்கித் தையலை இழுக்கும். படுக்கும்போது நெஞ்சுக்கு மேலே இருக்கட்டும். தலையணை கெண்டைக்கால் அடியில், குதிகால் அந்தரத்தில். குதிகாலை அழுத்தி வைத்தால் அங்கே தனியாகப் புண் வரும்.

தையல் நீர் ஒழுகினால் மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாட்டிக் விழுங்காதீர்கள். அது கிருமியைக் கொல்லாமல் பரிசோதனையில் மட்டும் மறைத்துவிடலாம்.

இனி முறிவெண்ணெய். ஆறாத தையல்மேல் எந்த எண்ணெயும் வேண்டாம். கிழி (மருந்து மூட்டையைச் சூடாக்கி ஒத்தடம் கொடுப்பது) இன்னும் மோசம்: ஆபரேஷனில் தோல் நரம்பு இழுபட்டால் பாதத்தின் மேல்பக்கம் மரத்திருக்கும், சூடு பொத்துப்போட்டாலும் தெரியாது. மரப்பு பலருக்கு மாதக்கணக்கில் குறையும், சிலருக்கு அப்படியே நிற்கும்.

ஒரு காலின் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் தடவவே தடவாதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அமுக்கினால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் உடனே அவசரப் பிரிவுக்கு. ரத்தம் உறையாமலிருக்க ஊசியோ மாத்திரையோ எழுதியிருந்தால் பாதியில் நிறுத்தக் கூடாது.

ஊன்றத் தொடங்கியபின் கணுவின் உள்பக்கம் சுள்ளென்று வலித்தால் எலும்பு கீறியிருக்கலாம், எக்ஸ்ரே எடுங்கள்.

வருடங்கள் கழித்து வருவது தேய்மானம். புது மூட்டின் நடுவிலுள்ள பிளாஸ்டிக்கிலிருந்து துகள் உதிர்ந்து எலும்பை அரித்துக் குழியாக்கலாம், மூட்டு ஆடத் தொடங்கலாம். ஆரம்பத்தில் பலருக்கு வலியே இருக்காது என்பதால்தான் வருடாவருடம் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். உட்கார்ந்து எழுந்ததும் முதல் நாலைந்து எட்டில் மட்டும் வலி என்றால் அதுவும் ஓர் அறிகுறி.

சரிவான தோட்டத்தில் ரப்பர் வெட்டப் போகிறவர்கள், பால் வாளியோடு திட்டு திட்டாக இறங்குகிறவர்கள், மாற்றுக்கு ஒப்புக்கொள்வதற்கு முன்பே மூட்டை இறுக்கி ஒட்டவைக்கும் ஆபரேஷனைப் பற்றிக் கேளுங்கள். கணு மடங்காது. ஆனால் பாரம் தாங்கும்.