அப்புறம் பார்த்துக்கலாம்

"அப்புறம் பார்த்துக்கலாம்க்கா" என்று நான் சொன்னது நிஜம். சொல்லவே இல்லை என்று சாதிக்க முடியாது. நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், கையில் பென்சில் வைத்திருந்தேன் என்பது வரை அந்த அக்காவுக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்குத்தான் மறந்து போயிருந்தது.

2012. வக்கீல் கோட்டு போட்டு எனக்கு இரண்டாவது வருடம். அக்காவின் பையனுக்கு ஏழு வயது. முழங்கை முறிவு, மாவுக்கட்டு. ராத்திரி முழுக்க விரல் மரத்துப்போச்சு என்று அழுதிருக்கிறான், யாரும் கட்டைத் தளர்த்தவில்லை. மிச்சத்தை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரத்த ஓட்டம் தடைபட்டு, தசை செத்து, விரல்கள் உள்ளங்கையைப் பார்த்து மடங்கிவிட்டன. வலது கை.

அரசு ஆஸ்பத்திரி. எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் இடத்துக்கு நுகர்வோர் சட்டம் வராது என்று 1995லேயே சாந்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட் கோடு போட்டுவிட்டது. எனவே சப் கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்கு. மைனர் பையன் வாதி, அவன் சார்பில் வழக்கு நடத்தும் நெக்ஸ்ட் ஃப்ரெண்ட் அம்மா. டாக்டர் முதல் பிரதிவாதி, கலெக்டர் மூலமாக அரசு இரண்டாவது. அரசு மேல் வழக்குப் போடுமுன் கொடுக்க வேண்டிய 80வது பிரிவு நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் முடிந்திருந்தது. தொகைதான் பாக்கி.

சீனியர் முதலில் சொன்னது 10 லட்சம். அப்போது கோர்ட் ஃபீ ஏழரை சதவீதம். 75,000 ரூபாய் என்று நான் பென்சிலில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அக்கா காதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்தார். 2 லட்சம் கேட்டால் 15,000. தோட்டை அடகு வைத்தால் அது வரும். சரி, 2 லட்சமே இருக்கட்டும் என்று சீனியர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"மிச்சம் எட்டு லட்சத்த எப்பத் தம்பி கேக்குறது?"

அதற்குத்தான் அந்தப் பதில்.

நான் என்ன அர்த்தத்தில் சொன்னேன்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். மொய் பாக்கி, வாடகை பாக்கி, வீட்டில் ஒழுகும் குழாய், எல்லாவற்றுக்கும் நாம் சொல்வதுதான் அது. இப்போதைக்கு இந்தப் பேச்சு போதும் என்று அர்த்தம். அக்காவோ அதை வக்கீல் சொன்ன வாக்காக எடுத்துக்கொண்டார். ஆபீஸுக்குள், கோட்டு போட்டவன், கேஸ் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

சட்டம் எனக்குத் தெரியாததல்ல. சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 2 ரூல் 2. ஒரே வழக்குமூலத்தில் கிடைக்க வேண்டியது முழுவதையும் ஒரே வழக்கில் கேட்க வேண்டும், ஒரு பகுதியை விட்டுவிட்டால் பிறகு அதற்காகத் தனி வழக்கு கிடையாது. அதற்குமேல் 11வது பிரிவு, ரெஸ் ஜுடிகேட்டா: ஒரு தடவை தீர்ப்பானதை மறுபடி கிளப்ப முடியாது. பரீட்சையில் இரண்டையும் வித்தியாசப்படுத்தி எழுதி மார்க் வாங்கியவன் நான். ஆனால் அந்த ரூலை நான் பிரதிவாதியின் ஆயுதமாகவே படித்திருந்தேன். நம் பக்கத்தில் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் சொல்ல வேண்டிய சங்கதி என்று அப்போது தோன்றவில்லை.

2016இல் டிக்ரி ஆனது. கேட்ட 2 லட்சமும் முழுசாக, வட்டியோடு. சீனியர் எல்லோருக்கும் காபி சொன்னார். கேட்டதை அப்படியே கொடுக்கிறார்களே, நாம் கேட்டது குறைவோ என்று ஒரு நொடிகூட எனக்கு உறைக்கவில்லை. மைனர் பணம் என்பதால் வழக்கப்படி பாங்க் டெபாசிட்டில் போட்டார்கள். மறு வருடமே கோர்ட் ஃபீயை 3 சதவீதமாகக் குறைத்தது அரசு. அந்தச் செய்தியை நான் சந்தோஷமாகத்தான் படித்தேன்.

பையன் மேஜர் ஆகிப் பணத்தை எடுத்த பிறகு இருவரும் வந்தார்கள். தசைநாரை மாற்றி வைக்கும் ஆபரேஷன் செய்தால் விரல் கொஞ்சம் விரியும் என்று மதுரையில் ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார். கையிலிருக்கும் பணம் காணாது. பெரியாஸ்பத்திரியில் இலவசமாகவே செய்வார்களே என்றேன். "அந்தப் படிய இனி மிதிக்க மாட்டேன் தம்பி" என்றார் அக்கா. அடுத்து, மிக இயல்பாக, "அந்த எட்டு லட்சத்த இப்பக் கேட்டுருவமா?"

கல்லூரியில் தீங்கியல் வகுப்பில் ஒரு பழைய ஆங்கிலேய வழக்கு நடத்துவார்கள். ஃபெட்டர் எதிர் பீல், 1701. அடிபட்டவன் ஒரு தடவை வழக்குப் போட்டு 11 பவுண்டு வாங்கிவிட்டான். பிறகு அதே அடியால் மண்டையோட்டின் ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. மறுபடி வழக்குப் போட்டான், தோற்றான். ஒரு அடிக்கு ஒரு வழக்கு, பின்னால் வரப்போகும் வலிக்கும் சேர்த்து முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். வகுப்பில் அந்த மண்டையோட்டுத் துண்டுக்குச் சிரித்தோம்.

அக்காவுக்கு நான் வேறு விதமாகச் சொன்னேன். அதே டாக்டர் வேறொரு நாள் வேறொரு தப்பு செய்திருந்தால் புது வழக்குப் போடலாம், இது அதே மாவுக்கட்டுதானே என்றேன். கிரிமினல் கேஸ் தனி வழி, அதைச் சிவில் வழக்கு தடுக்காது. தப்பான சிகிச்சையால் இறந்த அனுராதா சாஹா வழக்கில் கிரிமினலில் டாக்டர்கள் விடுதலையானார்கள், அதே மரணத்துக்கு 2013இல் சுமார் 6 கோடி நஷ்டஈடும் கிடைத்தது. ஆனால் நமக்கு, அலட்சியத்தால் கொடுங்காயம் என்ற 338வது பிரிவுக் குற்றத்துக்கு உள்ள மூன்று வருடக் கெடு எப்போதோ போய்விட்டது. கெடு இருந்திருந்தாலும், 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் பிறகு, அப்பட்டமான அலட்சியம் என்று வேறொரு டாக்டரே சொல்ல வேண்டும். மெடிக்கல் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். அங்கே ஒரு ரூபாய் வராது.

இதையெல்லாம் நான் வேகமாகச் சொன்னேன். நிறையச் சட்டம் சொன்னால் அந்த ஒரு வார்த்தை மறந்துபோகும் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

"ஒரு தடவதான்னு முன்னமே சொல்லியிருந்தா தோட்டோட வீட்டையும் வச்சிருப்பனே தம்பி." கோபமே இல்லாமல் சொன்னார்.

வீட்டைக்கூட வைத்திருக்க வேண்டாம். வாதி பையன். அவன் பெயரில் ஒரு சைக்கிள்கூட இல்லை. கோர்ட் ஃபீ கட்ட வசதியில்லை என்று பாப்பர் ஓ.பி. மனு போட்டிருக்கலாம். ரெண்டு வருஷம் இழுக்கும் என்றார் சீனியர், இழுத்தால்தான் என்ன? வழக்கு நடந்த நாலு வருடத்தில் என்றைக்காவது பிராதைத் திருத்தித் தொகையைக் கூட்டியிருக்கலாம். ஒன்றுமே போடாமல் சும்மா இருந்திருந்தால்கூட, மைனருக்குக் கெடு ஓடாது, 18 முடிந்தபின் அவனே போட்டிருப்பான். நாங்கள் செய்த உதவிதான் அவன் வழியை அடைத்தது. இப்படிச் சொல்லும்போதே இன்னொன்றும் தோன்றுகிறது: அத்தனை வருடம் கழித்து வார்டு ரிக்கார்டு கிடைத்திருக்குமா? சாட்சி சொன்ன நர்ஸ் இருந்திருப்பாரா? 2 லட்சமாவது கையில் வந்ததே.

அந்த டாக்டரையும் நினைத்துப் பார்க்கிறேன். அன்று ராத்திரி டூட்டியில் அவர் ஒருவர்தான் என்று கூண்டில் சொன்னார். நாலு வருடம் வாய்தாவுக்கு வந்தார். மறுபடி வா என்றால் அதுவும் நியாயமில்லைதான். ரூல் எதற்கு இருக்கிறது என்று எனக்குப் புரிகிறது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு டாக்டருக்கு நானே ஆஜராகி, இதே ஆர்டர் 2 ரூல் 2ஐக் காட்டி இரண்டாவது வழக்கைத் தள்ளுபடி செய்ய வைத்தேன். அந்தப் பதிலுரையை டிக்டேட் செய்தபோது எனக்கு நாக்கு தடுமாறவில்லை. அந்த வாதியிடமும் எவனோ ஒரு ஜூனியர் பார்த்துக்கலாம் என்று சொல்லியிருப்பானோ என்று இப்போதுதான் நினைக்கிறேன். நினைத்து என்ன, நாளைக்கு அப்படி ஒரு கேஸ் வந்தால் அதே ரூலைத்தான் எடுப்பேன்.

ஒரு வாதம் மிச்சம் இருக்கிறது. மைனருக்காக வழக்கு நடத்திய நெக்ஸ்ட் ஃப்ரெண்ட் மிக மோசமாகக் கவனக்குறைவாக இருந்தார், எனவே அந்த டிக்ரி என்னைக் கட்டாது என்று வயது வந்த மகன் சொல்லிப் பார்க்கலாம். நிற்பது கஷ்டம். நின்றாலும் அம்மா மேல்தான் குற்றம் சொல்ல வேண்டும். தோட்டை அடகு வைத்தவர் மேல். பென்சில் வைத்திருந்தவன் பெயர் அந்த மனுவில் வராது. வர வைக்கலாம். அதை எழுத வேறொரு வக்கீல் வேண்டும்.

இதை அவரிடம் சொன்னேனா? பாதிதான் சொன்னேன். "வேற வக்கீல்கிட்டயும் ஒரு தடவ கேட்டுப் பாருங்கக்கா" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை.

"உங்களுக்குத் தெரியாததா தம்பி அவங்களுக்குத் தெரிஞ்சிரப் போகுது?"

பையன் எழுந்து கேஸ் கட்டை எடுத்துப் பைக்குள் வைக்கப் பார்த்தான். மடங்கிய வலது கையின் மணிக்கட்டைப் பைக்குள் விட்டு வாயை அகட்டிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் காகிதங்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினான். முடிக்கும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.