ஒரு பூஜ்யம் தின்ற சனிக்கிழமை

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். 1903-இல் நியூயார்க்கில், அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் வாயே திறக்காமல் கரும்பலகையில் ஒரு பெருக்கலைப் போட்டுவிட்டு உட்கார்ந்த கதையை அக்கா மகளிடம் சொன்னேன். 2⁶⁷ − 1 பகா எண் என்று பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் பட்டியல் போட்டார். அது பகு எண் என்று பிரெஞ்சுக் கணிதர் லூகாஸ் 1876-லேயே காட்டிவிட்டார், ஆனால் காரணிகள் கிடைக்கவில்லை. கோல் எழுதியது அந்தக் காரணிகளைத்தான்: 193707721, 761838257287.

"நீங்க போட்டுப் பாத்தீங்களா மாமா?" என்றாள்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் 2⁶⁷ − 1 அடித்தேன். 147573952589676000000 என்று வந்தது. இரட்டை எண்ணில் ஒன்றைக் கழித்தால் இரட்டை எண்ணா வரும்? 15 இலக்கத்துக்கு மேல் அதற்குக் கணக்கு தெரியாது, பூஜ்யத்தைப் போட்டு நிரப்பிவிடும். ஏமாந்துவிடாதீர்கள். கையாலேயே இரட்டித்துப் போனதில் வம்பில்லாமல் வந்தது: 147573952589676412927.

பெருக்கல்தான் படுத்திவிட்டது. வெள்ளைத்தாளில் போட்டது நாலாவது வரியிலேயே கோணிக்கொண்டு போனது. கட்டம் போட்ட கணக்கு நோட்டு இல்லாமல் இதில் இறங்கவே இறங்காதீர்கள். சிறிய எண்ணைக் கீழே வைத்தால் ஒன்பது வரி, பெரியதை வைத்தால் பன்னிரண்டு.

கூட்டி முடித்தேன். முன்னால் 147, கடைசியில் 2927, இரண்டும் பொருந்தின. ஒன்பதை விலக்கிச் சரிபார்த்தேன், அதாவது ஒற்றை இலக்கம் வரும்வரை இலக்கங்களைக் கூட்டி, காரணிகளின் பெருக்கலும் விடையும் ஒத்துவருகிறதா என்று பார்த்தேன்: காரணிகளின் இலக்கக் கூட்டு 37, 64, இரண்டுமே 1-க்குச் சுருங்கும். விடையும் 1. "முடிஞ்சுது!" என்று கத்தினேன்.

அவள் விரல் வைத்து எண்ணினாள். "மாமா, இதுல இருபது இலக்கம்தான் இருக்கு."

இரண்டு மணி நேரம் கூட்டலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். பிழை அங்கே இல்லவே இல்லை. 193707721-இன் நடுவில் ஒரு பூஜ்யம் இருக்கிறதே, பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம்தானே என்று அந்த வரியை விட்டவன், இடம் தள்ளி எழுதவும் மறந்திருக்கிறேன். 19377721-ஆல் பெருக்கியிருக்கிறேன்! பூஜ்யம் போனால் இலக்கக் கூட்டு மாறுமா? அதே 37. ஒன்பது எப்படிக் காட்டிக்கொடுக்கும்?

பதினொன்று காட்டிக்கொடுக்கும். வலமிருந்து ஒன்று விட்டு ஒன்று கூட்டிக் கழித்து 11-ஆல் வகுத்தால் காரணிகளுக்கு மீதி 9, 8. பெருக்கினால் 72, அதன் மீதி 6. என் தப்பு விடைக்கு 0 வந்தது. இதை முதலிலேயே பார்த்திருந்தால் சாயங்காலக் காப்பியாவது ஆறாமல் இருந்திருக்கும்.

ராத்திரி ஒன்பதரைக்கு இருபத்தொரு இலக்கமும் ஒத்துப்போயின. நோட்டை நீட்டினேன். பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சரி மாமா, இந்த 193707721 பகா எண்தானா?"

அதன் வர்க்கமூலம் வரை, அதாவது 13,917 வரைக்கும் வகுத்துப் பார்க்க வேண்டும்.