கிராஸ் டாக் முதல் கமெண்ட்ரி வரை: ஆர்ஜே பாலாஜியின் ஃபோன் தொழில்

2006-இல் கோவை ரேடியோ மிர்ச்சியில் தொடங்கி, பிறகு சென்னை 92.7 பிக் எஃப்எம்முக்கு வந்தவர் ஆர்ஜே பாலாஜி. அவரை ஊரறிய வைத்தது 'கிராஸ் டாக்'. முன்பின் தெரியாத ஒருவருக்கு ஃபோன் போட்டுக் கலாய்க்கும் நிகழ்ச்சி. அவர் வேகமாகப் பேசுவதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவர் காது பெரிதாகத் தெரிகிறது. எதிராளி கடைசியாக விட்ட வார்த்தையைப் பிடித்து, அதிலிருந்தே அடுத்த கேள்வியைப் போடுவார். எழுதி வைத்ததைப் படித்தால் மூன்றாவது வரியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்த மாதிரி அழைப்புகளை நேரலையில் விடுவதில்லை. முன்கூட்டியே பதிவு செய்வார்கள். ஆர்ஜேயின் மைக் ஒரு டிராக், ஃபோன் குரல் இன்னொரு டிராக். இரண்டையும் பிரித்துத் தருவது டெலிஃபோன் ஹைப்ரிட் என்ற கருவி. அது சரியாக அமையாவிட்டால் ஆர்ஜேயின் குரல் ஃபோன் டிராக்கிலும் கசிந்து, குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்கும். இருவரும் ஒரே நேரத்தில் பேசிய இடத்தில் வெட்டவும் முடியாது. சாதாரண ஃபோன் குரல் 300 முதல் 3400 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். அதற்குக் கீழே இருப்பது பெரும்பாலும் இரைச்சல்தான், அதை வடிகட்டிவிடலாம். மொபைலில் குரல் சற்றுத் தாமதமாகவே போய்ச் சேரும். அதனால் கேள்வி கேட்டதும் ஒரு கணம் சும்மா இருக்க வேண்டும். அவசரப்பட்டால் நல்ல பதிலின் முதல் சொல் ஆர்ஜேயின் குரலுக்கு அடியில் போய்விடும்.

எடிட்டிங்கில் நீளமான அழைப்பைச் சில நிமிடங்களாகக் குறுக்கும்போது சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மௌனத்தையெல்லாம் வெட்டுவது பெரிய தப்பு. எதிராளி குழம்பி நிற்கும் அந்த இரண்டு நொடியில்தான் நகைச்சுவையே இருக்கிறது. பெயர், நம்பர், வேலை செய்யும் இடம் மூன்றிலும் பீப் விழ வேண்டும்.

இதற்கெல்லாம் மேலானது சம்மதம். "நாங்க ரேடியோல இருந்து பேசுறோம் சார், இதைப் போடலாமா?" என்ற கேள்வியும் அதற்கான பதிலும் பதிவில் இருக்க வேண்டும். "வேணாம்" என்றால் ஃபைலை அழித்துவிட வேண்டும், எவ்வளவு நல்ல அழைப்பாக இருந்தாலும். வண்டி ஓட்டுபவரிடமும் ஆஸ்பத்திரியில் இருப்பவரிடமும் தொடரவே கூடாது. விபத்து, சாவு, போலீஸ், வேலை போச்சு என்ற பொய்களைத் தொடக்கூடாது. பதறிப்போனவர் கடைசியில் சிரித்தாலும் அது சம்மதமாகாது.

2012 டிசம்பரில் சிட்னியின் 2டே எஃப்எம் அறிவிப்பாளர்கள் இருவர் பிரிட்டிஷ் அரச குடும்பத்தினர்போல் நடித்து லண்டன் மருத்துவமனை ஒன்றுக்கு ஃபோன் செய்தார்கள். அந்த அழைப்பை எடுத்து வார்டுக்கு இணைத்த செவிலியர் சில நாளில் தற்கொலை செய்துகொண்டார். வழக்கு ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரை போனது. நிலையம் குற்றம் செய்து உரிம நிபந்தனையை மீறியதா என்று அந்நாட்டின் ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமே முடிவு செய்யலாம் என்று 2015-இல் தீர்ப்பு வந்தது. சம்மதம் இல்லாமல் பதிவு செய்து ஒலிபரப்பியதுதான் அங்கே கேள்விக்குள்ளானது.

பாலாஜி ஒரு கட்டத்தில் இந்த அழைப்புகளை நிறுத்திக்கொண்டார். 2013-இல் 'தீயா வேலை செய்யணும் குமாரு' அவரை நகைச்சுவை நடிகராக்கியது. 2019-இல் 'எல்கேஜி'யில் நாயகன், 2020-இல் 'மூக்குத்தி அம்மன்' படத்தை என்.ஜே. சரவணனோடு சேர்ந்து இயக்கினார். ஆனாலும் அவருடைய ஃபோன் காலத்துத் திறமை முழுசாகத் தெரிவது தமிழ் ஐபிஎல் கமெண்ட்ரியில்தான் என்பேன். அங்கே எடிட்டிங் கிடையாது. பக்கத்தில் இருப்பவர் சொன்னதைப் பிடித்து, அடுத்த பந்து விழுவதற்குள் பேசி முடித்துவிட வேண்டும்.