மாஸ்டொடான்ல ஒரு மாசம், கூந்தன்குளத்து நாரையோட

ட்விட்டர் மாதிரி படமும் பதிவும் போடுற வலைத்தளம் மாஸ்டொடான், அதுல கணக்கு தொடங்கி இன்னையோட ஒரு மாசம் ஆச்சு. 2022 அக்டோபர் கடைசில ஈலான் மஸ்க் ட்விட்டர வாங்கினப்பவே ஆளுங்க கூட்டம் கூட்டமா அங்க போயிட்டாங்க. நான் தேர் நிலைக்கு வந்த பொறவு வடம் பிடிக்கப் போற ஆளு, இப்பதான் போயிருக்கேன்.

ஞாயித்துக்கெழம ஆனா கேமராவத் தூக்கிக்கிட்டு குளம் குளமா அலையறதுதான் நம்ம சோலி. எடுத்த படத்த வழக்கமா போடுற இடத்துல போட்டா ஒருத்தர் கண்ணுலயும் படமாட்டேங்குது, வேற எவரோ பணம் கட்டின விளம்பரமா வருது. எங்க மைனிகிட்டயே கேட்டேன், என்ன மைனி நாரை படம் பாத்தீங்களான்னு, "எனக்கு வரவே இல்லையே தம்பி"ங்காங்க. ஒரே வீட்டுல இருக்கோம். அன்னைக்கித்தான் சரி இன்னொரு கடையப் பாப்போம்னு கெளம்பினேன்.

மொதல்ல நம்மளக் கொழப்புறது சர்வர்தான், அதாவது நம்ம கணக்கு குடியிருக்குற கம்ப்யூட்டர். ஜெர்மனில யூகன் ரோச்கோன்னு ஒருத்தர் 2016ல ஆரம்பிச்சது இது, ஆனா அவர் ஒருத்தர்ட்டயே எல்லாம் இருக்கும்னு இல்ல, ஆயிரக்கணக்கான சர்வர் இருக்கு, ஒவ்வொண்ணையும் ஒவ்வொருத்தர் நடத்துதாங்க, நாம ஏதாவது ஒண்ணுல சேந்துக்கிட்டா மத்த சர்வர்ல உள்ளவங்க கூடவும் பேசலாம். மைனிக்கு எப்படிச் சொன்னேன்னா, நீங்க பொறந்தது கல்லிடைக்குறிச்சி, வாக்கப்பட்டது பாளையங்கோட்டை, ஆனா கொண்டான் கொடுத்தான் தென்காசி வரைக்கும் இருக்காங்கல்லா, எந்த ஊர்ல இருந்தாலும் பேச்சுவார்த்த உண்டுல்லா, அப்படித்தான்னேன். முகவரியும் பேரு, பொறவு சர்வர் பேருன்னு ரெண்டு துண்டா இருக்கும். "அப்ப கடுதாசி அட்ரஸுன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே"ன்னு முடிச்சுட்டாங்க, நான் அரைமணி நேரமா தொண்டத்தண்ணி வத்தப் பேசினதுக்கு.

நான் மொதல்ல சேந்தது ஒரு குட்டி சர்வர், யாரோ புண்ணியவான் சொந்த முயற்சியில, நன்கொட வாங்கி நடத்துதாரு. குத்தம் சொல்லக் கூடாது, ஆனா படம் ஏறவே இல்ல, வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கு. ரெண்டு நாள் பாத்துட்டு வேற சர்வருக்கு வீடு மாறிட்டேன். இப்படி மாறுறதுக்கு உள்ளயே வழி வச்சிருக்காங்க, நம்மளப் பின்தொடர்றவங்க தானா புது வீட்டுக்கு வந்துருவாங்க, நாம போட்ட பதிவுக மட்டும் பழைய வீட்டுலயே கெடக்கும். சொந்தபந்தம் கூட வருது, பண்ட பாத்திரம் வரல. எனக்கு இருந்தது பதினோரு பேரு, ஒம்பது பதிவு, அதனால பெரிய நட்டம் ஒண்ணுமில்ல.

மொத வாரம் ஈ காக்கா கெடையாது. இங்க நமக்காகப் பொறுக்கிப் போட ஆளில்ல, போட்ட நேர வரிசப்படி வருது, ராத்திரி போட்டா காலைல கீழ போயிருக்கும். நட்சத்திரம் அமுக்கினா எழுதினவருக்கு ஒரு சந்தோசம், அவ்வளவுதான், அதனால படம் பரவாது. பரவணும்னா யாராவது பூஸ்ட் பண்ணணும், அதாவது அவங்களப் பின்தொடர்றவங்களுக்கும் தெரியுற மாதிரி பகிரணும். ஹேஷ்டேக் போடலைன்னா தேடினாலும் லேசுல ஆம்புடாது. இது தெரியாம நாலு நாள் முக்குல தனியா நின்னு பேசுற ஆளு மாதிரி இருந்தேன். பொறவு பறவை ஹேஷ்டேக்க பின்தொடர்ந்து, மத்தவங்க படத்துக்குப் போயி ரெண்டு வார்த்த பேசினதுக்கு அப்புறம்தான் நம்ம திண்ணைக்கும் ஆள் வந்துச்சு.

அப்படி வந்தவர்ல ஒருத்தர் அயர்லாந்துக்காரர். கூந்தன்குளத்துல எடுத்த மஞ்சள் மூக்கு நாரை படத்துக்குக் கீழ எழுதிருக்காரு, எனக்குக் கண்ணு தெரியாது, படத்துல என்ன இருக்குன்னு விளக்கம் எழுதினீங்கன்னா என் போன் வாசிச்சுக் காட்டும், நானும் பாத்துக்குவேன்னு. எனக்கு ஒருமாதிரி ஆயிருச்சு. பாளையங்கோட்டையில பார்வையற்றோர் பள்ளிக்கூடம் நூறு வருசத்துக்கு மேல இருக்கு, வெள்ளக் குச்சியத் தட்டிக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்கிற பிள்ளைங்களப் பாத்து எத்தன தடவ வண்டிய ஒதுக்கியிருப்பேன், இத்தன வருசமா எத்தன படம் போட்டிருப்பேன், ஒரு படத்துக்குக் கூட ஒரு வரி எழுதணும்னு தோணல.

படத்துக்கு விளக்கம் எழுத 1500 எழுத்து வரைக்கும் எடம் குடுத்திருக்காங்க. பதிவுக்கே 500தான். நான் மொதல்ல எழுதினது "மரத்தில் ஒரு நாரை". எழுதிட்டு எனக்கே வெக்கமா இருந்துச்சு, சரின்னு படத்தப் பெருசாக்கி வச்சுக்கிட்டு உக்காந்தேன். அலகு மஞ்சள், நீளம், நுனி மட்டும் லேசாக் கீழ வளையுது. மூஞ்சில முடியே இல்ல, ஆரஞ்சா வழுவழுன்னு இருக்கு. நெஞ்சுல கறுப்புப் பட்ட. வாலுகிட்ட ரோஸ் பொடியக் கரைச்சு ஒரு ஓரமா ஊத்தின மாதிரி நெறம். இதெல்லாம் ஏற்கெனவே தெரிஞ்சதுதான், ஆனா கூட்டுக்குள்ள குச்சிக்கு நடுவுல ஒரு குஞ்சு வாயத் தொறந்துக்கிட்டு இருந்தத அப்பதான் பாத்தேன். தனியா நிக்கிற நாரைன்னு தலைப்பு வேற போட்டிருந்தேன் மூதி.

இன்னொண்ணு, ஒரிஜினல் படத்துல மரத்துக்குக் கீழ ஒரு வீட்டுக் கொடியில நீலச் சாரம், அதான் கைலி, காயுது, அதுல வெள்ளையா எச்சம். அழகு கெடுதுன்னு அத வெட்டிட்டுத்தான் போட்டிருந்தேன். விளக்கத்துல சேத்து எழுதிட்டு முழுப் படத்தையும் திரும்பப் போட்டேன். அதுக்குத்தான் கேள்வி குவிஞ்சுச்சு, ஊருக்குள்ளயா கூடு கட்டுது, விரட்ட மாட்டாங்களான்னு. நாங்குநேரிப் பக்கத்து ஊரு, 1994ல சரணாலயமா அறிவிச்சாங்க, அதுக்கு எவ்வளவோ முன்னாலயே பறவை வந்துக்கிட்டுதான் இருந்துச்சு, தீவாளிக்குக்கூட அந்த ஊர்ல வெடி போடமாட்டாங்க, எச்சம் வயலுக்கு உரம்னு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல எழுதினேன். ராத்திரிக்குள்ள அறுவது பூஸ்ட்டு.

கொறை இல்லாம இல்ல. நம்ம ஆளுங்க ரொம்பக் கம்மி. குத்தாலத்துல சாரல் இருக்கா, அருவில தண்ணி விழுதான்னு அங்க கேட்டா யாரு பதில் சொல்லுவா, அதுக்கு வாட்ஸாப்தான்.

போன வாரம் அயர்லாந்துக்காரர் அடுத்த கேள்வியப் போட்டாரு, அந்த மரத்தடில என்ன சத்தம் கேக்கும்னு. ஞாயித்துக்கெழம கேமராவ வீட்டுலயே வச்சுட்டுப் போனேன். போன நீட்டிக்கிட்டு மூணு நிமிசம் அசையாம நின்னேன். அலகோட அலகு தட்டுற சத்தம் கட்டையில கட்டை அடிச்ச மாதிரி வருது, குஞ்சுக கத்துது, தூரத்துல பஸ் ஆரன், நடுவுல ஒரு ஆச்சி, "ஏல, அண்ணாந்து பாத்துக்கிட்டு வாயப் பொளந்துக்கிட்டு நிக்காத, எச்சம் விழும்லே!"

வெட்டாம அப்படியே ஏத்திட்டேன். இப்ப அந்த அம்மா என்ன சொல்லுதாங்கன்னு அவர் கேட்டிருக்காரு. மத்தது எல்லாம் ஒருமாதிரி எழுதிட்டேன், அந்த 'லே'யத்தான் எப்படி எழுதன்னு ரெண்டு நாளா முழிச்சுக்கிட்டு இருக்கேன்.