வான் சிடோவின் கைகள்

மார்ச் 8, 2025

நடிகர் மேக்ஸ் வான் சிடோ இறந்து இன்றோடு ஐந்து வருடம். 1929இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் பிறந்தவர், 2020இல் பிரான்சில் தொண்ணூறாவது வயதில் போனார். முதல் படம் 1949இல். இயக்குநர் இங்மார் பெர்க்மனோடு மட்டும் 11 படங்கள். இந்த மாதம் முழுக்க வான் சிடோவின் படங்கள்தான் பார்க்கப்போகிறேன்.

இரவு ‘தி செவன்த் சீல்’. 1956 கோடையில் எடுத்தது, அப்போது அவருக்கு வயது 27. சிலுவைப் போரிலிருந்து திரும்பி, மரணத்தோடு சதுரங்கம் ஆடும் வீரன். எல்லோரும் அந்தச் சதுரங்கத்தைத்தான் பேசுவார்கள். எனக்கோ அவர் கூத்தாடிக் குடும்பத்தோடு புல்லில் உட்கார்ந்து காட்டு ஸ்ட்ராபெர்ரியும் பாலும் சாப்பிடுகிற இடம்தான். பால் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி, இந்தப் பொழுதை நினைவில் வைத்திருப்பேன் என்கிறார். கடவுளைக் கேள்வி கேட்டே அலைகிற மனிதன் அங்கே கொஞ்ச நேரம் கேட்பதை விட்டுவிடுகிறான். அந்த அமைதி முகத்துக்கு வருமுன் கைகளுக்கு வந்துவிடுகிறது.

மார்ச் 12

‘தி விர்ஜின் ஸ்பிரிங்’, 1960. மகளைக் கொன்றவர்கள் தன் வீட்டிலேயே தங்கியிருப்பது தகப்பனுக்குத் தெரிந்துவிடுகிறது. அவர் கத்தவில்லை, அழவில்லை. தனியாக நிற்கும் ஒரு பிர்ச் மரத்திடம் போய், அதை வெறும் உடம்பால் வளைத்து வளைத்துச் சாய்க்கிறார். கேமரா தூரத்தில் நிற்கிறது, முகமே தெரியாது. ஆறடியைத் தாண்டிய அந்த உடம்பு மட்டும் மரத்தோடு மல்லுக்கட்டுகிறது. ஒரு மனிதன் உள்ளே உடைவதை இப்படி முதுகாலும் தோளாலும் காட்ட வேறு யாராலும் முடிந்து நான் பார்த்ததில்லை. பழிவாங்கி முடித்ததும், ஒரு சிறுவனையும் சேர்த்துக் கொன்றுவிட்ட தன் கைகளையே பார்க்கிறார். கடைசியில் அதே கைகளால் தேவாலயம் கட்டுவேன் என்று கடவுளிடம் சொல்கிறார்.

மார்ச் 15

‘தி எக்ஸார்சிஸ்ட்’ வந்தபோது (1973) அவருக்கு 44 வயதுதான். கிழப் பாதிரியாராக்கியது டிக் ஸ்மித்தின் ஒப்பனை. ஆனால் தொடக்கத்தில், ஈராக்கில், மாத்திரையை வாய்க்குக் கொண்டுபோகும்போது வருகிற நடுக்கம் அவருடையது. முகத்துக்கு வயதை ஏற்றிவிடலாம், நடுக்கத்தை நடிகர்தான் கொண்டுவர வேண்டும்.

மார்ச் 22

‘பெல்லே தி கான்கரர்’. என் கணக்கில் அவருடைய உச்சம் இதுதான். பில்லே ஆகஸ்ட் இயக்கி, 1987இல் வந்த படம்.

மனைவியை இழந்த லாஸ்ஸே, சின்ன மகன் பெல்லேயோடு ஸ்வீடனிலிருந்து டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவுக்குக் கூலி வேலை தேடிப் போகிறார். கப்பலில் மகனிடம் டென்மார்க்கைப் பற்றி அளந்துகொண்டே வந்தவரைத் துறைமுகத்தில் யாரும் சீந்தவில்லை. இவருக்கு வயது அதிகம், பையனுக்கு வயது குறைவு. கடைசியில் ஒரு பண்ணையில் மாட்டுக் கொட்டிலில் இடம் கிடைக்கிறது.

பண்ணையில் ஒருவன் பையனை அவமானப்படுத்துகிறான். அப்பா ஆவேசமாகக் கிளம்புகிறார், அவனுக்கு முன்னால் போனதும் கூனிக் குறுகிவிடுகிறார். சிலுவைப் போர் வீரனாகவும், வேறொரு படத்தில் இயேசுவாகவும் நிமிர்ந்து நின்ற அதே உயரம் இங்கே தோளுக்குள் சுருங்கிப்போகிறது. அப்புறம் அந்த விதவைப் பெண். கடலில் போன அவள் கணவன் இனி வரமாட்டான் என்று நம்பி, லாஸ்ஸே காலைக் காப்பியும் கதகதப்பான படுக்கையுமாக ஒரு வாழ்க்கையைக் கற்பனை செய்துகொள்கிறார். கணவன் திரும்பி வந்துவிடுகிறான். குடிப்பதைத் தவிர லாஸ்ஸேவுக்கு வழி தெரியவில்லை.

கோழையான தகப்பனை நடிக்கும்போது நடிகர்கள் பெரும்பாலும் நம் இரக்கத்தைக் கேட்டு வாங்குவார்கள். இவர் கேட்கவே இல்லை. மகனுக்கு முன்னால் பொய் சொல்வதையும் பெருமையடிப்பதையும் ஒளிக்காமல் செய்கிறார், அதனால்தான் அவர் மேல் அத்தனை பாசம் வருகிறது.

ஏப்ரல் 10

இன்று அவர் பிறந்தநாள். ‘எக்ஸ்ட்ரீம்லி லவுட் அண்ட் இன்கிரெடிப்லி க்ளோஸ்’ (2011) பார்த்தேன். படம் எனக்கு முழுதாகப் பிடிக்கவில்லை, சரி. இவருக்கு அதில் ஒரு வசனம்கூட இல்லை. பேச்சை விட்டுவிட்ட கிழவர். ஒரு உள்ளங்கையில் ‘ஆம்’, இன்னொன்றில் ‘இல்லை’ என்று பச்சை குத்தியிருக்கிறார். சிறுவன் கேட்பதற்கெல்லாம் கையை விரித்துக் காட்டுகிறார். எந்தக் கை எவ்வளவு தயங்கி எழுகிறது என்பதில் ஒரு வாழ்க்கையே இருக்கிறது.

அதற்குத் துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தபோது வயது 82. பரிசு கிறிஸ்டோபர் பிளம்மருக்குப் போனது. அவருக்கும் 82, அவரும் 1929இல் பிறந்தவர். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் லாஸ்ஸேவுக்குக் கொடுக்காததில்தான். அந்த முறை சிறந்த நடிகர் விருதை டஸ்டின் ஹாஃப்மன் வாங்கினார், ‘ரெயின் மேன்’ படத்துக்காக. நல்ல நடிப்புதான். ஆனாலும் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிற யாரும், லாஸ்ஸேவுக்கே கொடுத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வார்கள்.