ஐந்து கிராம் சண்டை

பேட்மிண்டன் கோர்ட்டில் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால், அவருக்கு ஒழுங்காக சர்வீஸ் போடச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம். எப்படி ஓட வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று சொல்பவர் அதைவிட அபூர்வம். ஆனால் "சொந்தமா ஒரு ராக்கெட் வாங்கலாம்னு இருக்கேன்" என்று வாயைத் திறந்து பாருங்கள். பக்கத்து கோர்ட்டில் மேட்ச் பாயிண்டில் நிற்பவர்கூட ஆட்டத்தை அப்படியே போட்டுவிட்டு வந்துவிடுவார்.

நானும் திறந்தேன். அதுவரை யாராவது களைத்துப்போய் உட்காரும் நேரம் பார்த்து அவருடைய ராக்கெட்டை இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தவன் நான்.

முதலில் வந்தவர் ஸ்மாஷ் சார். நிஜப் பெயர் வேறு. காக், அதாவது இறகுப் பந்து, தலைக்கு மேல் வந்தாலும் சரி, முழங்காலுக்குக் கீழே வந்தாலும் சரி, கீழ்நோக்கி ஓங்கி அறையும் ஸ்மாஷ்தான் அடிப்பார். பாதி நெட்டில் விழும், மீதி கோட்டுக்கு வெளியே.

"யோசிக்கவே யோசிக்காதீங்க. ஹெட் ஹெவி, 3யூ, ஷாஃப்ட் ஸ்டிஃப்பா இருக்கணும். ஸ்ட்ரிங்கை 28 பவுண்டு இறுக்கத்துல கட்டணும். அப்புறம் பாருங்க உங்க அடியை!"

"அவர் பேச்சைக் கேட்டே, தோள்பட்டை போயிடும்" என்று குறுக்கே வந்தார் டிஃபென்ஸ் அண்ணன். எதை அடித்தாலும் திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பவர். அவரோடு ஆடினால் ஒரு பாயிண்ட் முடிவதற்குள் நமக்கு வயதாகிவிடும். "5யூ வாங்குப்பா. ஹெட் லைட். கை சட்டுனு திரும்பும்."

ஹெட் ஹெவி என்றால் எடை ராக்கெட்டின் தலைப்பக்கம், ஹெட் லைட் என்றால் கைப்பிடிப் பக்கம்; இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தண்டுதான் ஷாஃப்ட். ராக்கெட்டின் எடையைச் சொல்லும் 3யூவும் 5யூவும்தான் எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. இந்த விளையாட்டில் எண் ஏறினால் பொருள் இறங்கும். யோனெக்ஸ் கம்பெனியின் கணக்குப்படி 3யூ என்றால் 85 முதல் 89 கிராம், 4யூ 80 முதல் 84, 5யூ 75 முதல் 79. கைப்பிடிச் சுற்றளவும் அப்படித்தான்: ஜி4ஐவிட ஜி5 ஒல்லி. இதை யார் யோசித்தார்களோ, அவர்களுக்குச் சின்ன வயதில் கணக்கு வாத்தியாரோடு ஏதோ தகராறு இருந்திருக்க வேண்டும்.

இருவரும் கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு சந்தேகம். ஒரு யூவுக்கும் அடுத்த யூவுக்கும் ஐந்து கிராம்தான் வித்தியாசம். விதிப்படி ஒரு இறகு காக்கின் எடை 4.74 முதல் 5.50 கிராம். அப்படியென்றால் படிக்கு ஒரு காக் எடை! "ரெண்டு காக் எடைக்கா இவ்வளவு சண்டை?" என்று கேட்டுவிட்டேன். அதுவரை எதிரெதிர்க் கட்சியில் இருந்த இருவரும் ஒரே கட்சியாகி என்னை முறைத்தார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்து கைப்பிடிக்கு கிரிப் சுற்றிக்கொண்டிருந்த பெரியவர்தான் என்னைக் கூப்பிட்டார். இறகு உடைந்து ஓரமாகக் கிடந்த ஒரு பழைய காக் ஒன்றை எடுத்து, என் கையிலிருந்த ராக்கெட்டின் உச்சியில் டேப் போட்டு ஒட்டினார். "வீசிப் பாருங்க தம்பி." வீசினேன். மணிக்கட்டை யாரோ பின்னாலிருந்து இழுத்த மாதிரி இருந்தது. வேகம் எடுக்கவும் நேரமானது, நிறுத்தவும் நேரமானது. பிறகு அதையே பிய்த்துக் கைப்பிடியின் அடியில் ஒட்டினார். மறுபடி வீசினேன். ஒட்டியிருப்பதே தெரியவில்லை.

"எடை எவ்வளவுங்கறதைவிட எங்கே உட்கார்ந்திருக்குங்கறதுதான் முக்கியம். கைப்பிடி மேல ஒரு ஓவர்கிரிப் சுத்துனா அதுவே அஞ்சு கிராம் கிட்ட வரும். தலைக்கனம் தானா குறைஞ்சிடும்" என்றவர், கடைசி வாக்கியத்தை மட்டும் ஏனோ ஸ்மாஷ் சாரைப் பார்த்துச் சொன்னார்.

சார் விடவில்லை. "அதெல்லாம் சரி, வேகம் வேணும்னா ஹெட் ஹெவிதான். உலகத்துல யாரை வேணும்னாலும் கேளுங்க."

உலகத்தைக் கேட்கத்தான் எல்லோர் பையிலும் போன் இருக்கிறதே. ஒரு பையன் தேடி எடுத்து வாசித்தான். 2023 ஏப்ரல் 14, ஜப்பான். நம்ம இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர், கின்னஸ் சாதனை. அதற்கு முன் 2013இல் மலேசியாவின் டான் பூன் ஹியோங் அடித்த 493தான் சாதனையாக இருந்தது. சாத்விக் கையில் அன்று இருந்தது யோனெக்ஸ் நானோஃபிளேர் 1000 இசட்.

"அது ஹெட் லைட்டாச்சே!" டிஃபென்ஸ் அண்ணன் துள்ளிவிட்டார். அவ்வளவு உயரம் அவர் காலைத் தூக்கி நான் கோர்ட்டுக்குள் பார்த்ததில்லை.

பையன் நிறுத்தாமல் அடுத்த வரியையும் வாசித்தான். "ஷாஃப்ட், எக்ஸ்ட்ரா ஸ்டிஃப்." விறைப்பான ஷாஃப்ட் வளைந்து நிமிர வேண்டுமானால் வீச்சில் அவ்வளவு வேகம் வேண்டும். நம்மைப் போன்றவர்கள் வீசினால் அது அசையாமல் நிற்கும், நம் கைதான் வளையும். ஆக, அந்த ராக்கெட் அங்கே யாருக்குமே இல்லை என்று முடிவானது. இருவரும் தண்ணீர் குடிக்கப் போனார்கள்.

கடைக்கு யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. அங்கேயும் நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் காற்றிலேயே ஒரு முழு செட் ஆடி முடித்தார். இன்னொருவர் ஸ்ட்ரிங்கை உள்ளங்கையில் தட்டி, வீணை வித்வான் சுருதி பார்ப்பது போலக் காதருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் மட்டும் நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். மயில் கழுத்து நிறத்தில் ஒன்று கண்ணைப் பறித்தது. இத்தனை பேர் இவ்வளவு பேசியும் நிறத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாருங்கள்.

ஸ்ட்ரிங் போடுபவர் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "பின்கோட்டுல நின்னு அடிச்சா காக் எதிர்ப்பக்கம் பின்கோடு வரைக்கும் போகுதா?"

கோர்ட்டின் நீளம் 13.40 மீட்டர். என் காக் பெரும்பாலும் நெட்டைத் தாண்டியதுமே இறங்கிவிடும். சொன்னேன்.

"அப்போ 4யூ, எடை ரெண்டு பக்கமும் சமமா இருக்கற ஈவன் பேலன்ஸ், நல்லா வளையுற ஷாஃப்ட். கைப்பிடி ஜி5 எடுத்துக்கோங்க. ஒல்லியா இருந்தா மேல சுத்திக்கலாம், தடியா இருந்தா செதுக்கவா முடியும்? ஸ்ட்ரிங் 22 போதும்."

"28 போடச் சொன்னாங்களே..."

"யாரு?" என்று நிமிர்ந்தவர், பதிலுக்குக் காத்திராமல் ஃபிரேமைத் திருப்பி, கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் இருந்த உச்ச வரம்பைக் காட்டினார். அது 28ஐ எட்டவே இல்லை. அப்படியே எட்டினாலும், இறுக்க இறுக்க அடி சரியாக விழ வேண்டிய இடம் சுருங்கிக்கொண்டே போகும், நடுவில் படாத அடிக்கெல்லாம் வேகம் கிடைக்காது என்றார். என் அடி நடுவில் பட்டதாக எனக்கு நினைவே இல்லை. 22 என்றே முடிவானது. ராக்கெட்டை மெஷினில் மாட்டி, ஒவ்வொரு இழையையும் கிளாம்பில் பிடித்து இழுத்து, நீளவாக்கில் முடித்துவிட்டுக் குறுக்குவாக்கில் மேலும் கீழுமாக விரலாலேயே பின்னிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. மயில் கழுத்து நிறமும் 4யூவில் இருந்தது, அது என் அதிர்ஷ்டம்.

அதன்பிறகு ஒருநாள் ஆட்டத்தின் நடுவே ஸ்மாஷ் சாரின் ஸ்ட்ரிங் படாரென்று அறுந்தது. அவசரத்துக்கு என் ராக்கெட்டைக் கொடுத்தேன். முதல் ஸ்மாஷே கோட்டுக்குள் விழுந்தது. இரண்டாவதும். அவருக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான். ராக்கெட்டைத் தூக்கி ஸ்ட்ரிங்கை நகத்தால் சுண்டிக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"இது ராக்கெட்! 28தானே போட்டீங்க? ஹெட் ஹெவி, 3யூ. நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

பெஞ்சிலிருந்து பெரியவர் என்னைப் பார்த்தார். கைப்பிடிக்குக் கிரிப் சுற்றிக்கொடுத்ததே அவர்தான்.

"ஆமா சார், நீங்க சொன்னபடியேதான்" என்றேன்.

அடுத்த ஸ்மாஷை நெட்டில் அடித்தார்.